சாவியை வாங்கியவருக்குப் பொறுப்பில்லையா?

"வாகனத்துக்கும் அதிலுள்ள பொருள்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல." இந்தப் பலகை தொங்காத ஒர்க்‌ஷாப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய சர்வீஸ் சென்டர்களில் பலகை இருக்காது. ஜாப் கார்டின் அடியில், கண்ணுக்கு எட்டாத எழுத்தில் அதே வரி இருக்கும். விட்ட வண்டி திருடுபோனாலும், பக்கத்து வண்டியில் பிடித்த தீ பரவினாலும், ஓட்டிப் பார்க்கும்போது எங்காவது மோதினாலும் மேலாளர் அந்த வரியைத்தான் காட்டுவார். கூடவே ஆறுதலாக ஒன்று சொல்வார்: "உங்களுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே சார், கிளைம் போட்டுக்கலாம்." பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு, வண்டிக்காரர்களே இதுதான் சட்டம் என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள். இது சட்டமும் இல்லை, நியாயமும் இல்லை.

முதலில் பலகை. எழுதி மாட்டிவிட்டால் பொறுப்பு போய்விடும் என்பது அவர்கள் வாதம். 1998-இல் டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில் ஊழியரிடம் சாவியோடு ஒப்படைத்த கார் ஒன்று திருடுபோனது. டோக்கனில் 'உரிமையாளரின் பொறுப்பில்' என்று அச்சடித்திருக்கிறோம் என்றது ஹோட்டல். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தன்னுடைய, தன் ஊழியர்களுடைய கவனக்குறைவுக்கான பொறுப்பை அப்படி ஒரு வரியால் கழற்றிவிட முடியாது. ஒப்படைத்த வண்டி திரும்பவில்லை என்றால், தங்கள் மீது தவறில்லை என்று வாங்கி வைத்தவர்தான் முதலில் காட்ட வேண்டும் என்றது. அது ஹோட்டலுக்குச் சொன்னது என்பார்கள். ஹோட்டலுக்கு வண்டியை நிறுத்தித் தருவது உபசாரம். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கையில் வாங்குவதுதான் தொழிலே.

இதைவிட எனக்குக் கோபம் தருவது வேறு. வேலை முடிந்து, பில்லில் தகராறு வந்து பணம் கட்டத் தாமதித்துப் பாருங்கள். "பணத்தைக் கட்டிட்டு வண்டியை எடுங்க" என்பார்கள். அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-ஆம் பிரிவு: உழைப்பையும் திறமையையும் செலுத்தி ஒரு பொருளைச் சீர்செய்தவர், கூலி கிடைக்கும்வரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பொருள் தன் கைவசம் ஒப்படைக்கப்பட்டிருந்தால்தான் இந்த உரிமை உண்டு. அதே சட்டத்தின் அதே அத்தியாயத்தில், 19 பிரிவுகள் முன்னால் 151 இருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோலக் காக்க வேண்டும் என்கிறது அது. பில்லுக்காக வண்டியைப் பிடிக்கும்போது "வண்டி எங்கள் வசம்" என்கிறார்கள். வண்டி காணாமல் போனால் "நாங்கள் நிறுத்த இடம்தான் கொடுத்தோம்" என்கிறார்கள். ஒரே வண்டி மாலை ஆறு மணிக்கு அவர்கள் வசமும், இரவு பத்து மணிக்கு யார் வசமும் இல்லாமலும் இருக்க முடியாது. 170-ஐக் கையில் எடுப்பவர் 151-ஐக் கழுத்தில் சுமந்துதான் ஆக வேண்டும். சொன்ன நாளில் வண்டியைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால், அந்த நாளிலிருந்து நேரும் இழப்புக்கெல்லாம் அவரே பொறுப்பு என்று 161 சொல்கிறது. "நாளைக்கு வாங்க சார்" என்று பத்து நாள் அலையவிடுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அடுத்தது, "இன்சூரன்ஸ் இருக்கே". இருக்கிறதா? 2018 செப்டம்பர் முதல் புது பைக்குகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். முதல் ஆண்டுக்குப் பிறகு சொந்தச் சேதத்துக்கான பகுதியைப் பலர் புதுப்பிப்பதில்லை. கையில் பாலிசி இருக்கும். பைக் திருடுபோனால் அதில் ஒரு ரூபாய் வராது. முழுக் காப்பீடு உள்ள கார்க்காரருக்கும் இழப்புதான். ஐந்து ஆண்டு கிளைம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத போனஸ், ஒர்க்‌ஷாப்பின் தவறுக்காகப் போடும் ஒரே கிளைமில் போய்விடும். தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவருக்கு, உடைந்த பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களில் பாதித் தொகை தேய்மானம் என்று கழியும். இவ்வளவையும் நாம் இழந்தபிறகும் ஒர்க்‌ஷாப் தப்பிவிடுவதில்லை. டெல்லி வழக்கில் உரிமையாளருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்த காப்பீட்டு நிறுவனமே பிறகு அவரோடு சேர்ந்து ஹோட்டல் மீது வழக்குத் தொடுத்தது. என் பிரீமியம் என் வண்டியைக் காக்க நான் கட்டுவது. இன்னொருவரின் அலட்சியத்துக்கு நான் கட்டும் சந்தா அல்ல.

மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது வழிப்போக்கர் அடிபட்டால் உரிமையாளரின் காப்பீடுதானே கொடுக்கிறது என்று ஒரு தீர்ப்பைக் காட்டுவார்கள். ஆம், 1988-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அடிபட்டவருக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது. அந்த வழக்கிலும் கவனக்குறைவு மெக்கானிக்குடையது என்றே தீர்ப்பு பேசுகிறது.

வெள்ளம் வந்தால்? "இயற்கைச் சீற்றம் சார்" என்று கையை விரிப்பார்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்தினார்கள். சட்டம் கேட்கும் சாதாரண விவேகமுள்ள மனிதர்கள் அவர்கள்தான். கார் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் பத்துப் பேர் இருக்கும் ஒர்க்‌ஷாப், எச்சரிக்கையைக் கேட்டும் வாடிக்கையாளர் கார்களைத் தரைத்தளத்தில் நீரில் மூழ்கவிட்டால், அந்தப் பழியை மழை மீது போட முடியாது.

சின்னப் பட்டறைக்காரர் எங்கே போவார் என்பது மிச்சம். மோட்டார் தொழில் செய்பவர்களுக்கென்றே தனிப் பாலிசிகள் 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளிலேயே இருக்கின்றன. வளாகத்துக்குள் நேரும் இழப்புக்கு ஒன்று, சாலையில் ஓட்டும்போது நேர்வதற்கு ஒன்று. பிரீமியம் கட்ட வேண்டும், உண்மைதான். 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று இன்னதென்று சொல்லாத ஒரு தொகையை ஒவ்வொரு பில்லிலும் பேசாமல் கட்டிவருகிறோம். காப்பீட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வெளிப்படையாகக் கேட்டால் நான் கொடுப்பேன்.