ஒரு முகவரி, இரண்டு வாசிப்பு

கரும்பலகையில் 012 என்று எழுதி, “இது எவ்வளவு?” என்று என் வகுப்பில் ஒருமுறை கேட்டேன். எல்லோரும் “பன்னிரண்டு” என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் “பத்து” என்றது. வகுப்பு சிரித்தது. அந்த மாணவர் சி மொழி பயின்றவர். அம்மொழியில் முன்னால் சுழி இட்ட எண், எட்டை அடிமானமாகக் கொண்டது. ஓர் எட்டும் இரண்டும் சேர்ந்தால் பத்துதானே!

இதே குழப்பம் வலை முகவரிகளிலும் உண்டு. 012.0.0.1 என்ற முகவரியைப் பிரவுசர் 10.0.0.1 என்று படிக்கிறது. பைத்தான் மொழியுடன் வரும் ஒரு நிரல் நூலகமோ, 3.8ஆம் பதிப்பு வந்த பின் சிறிது காலம், அதை 12.0.0.1 என்று படித்தது. (நூலகம் என்றால், பிறர் எழுதிவைத்து நாம் எடுத்தாளும் நிரல்களின் தொகுப்பு.)

இதனால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? 10இல் தொடங்கும் முகவரிகள் நிறுவனங்களின் உள் வலையமைப்புக்கென ஒதுக்கப்பட்டவை. வெளியார் அங்கே நுழையக் கூடாது. வாயிற்காவலனாக அமர்ந்த நூலகம், “இது 12, வெளி முகவரி” என்று அனுமதித்துவிடும். அடுத்து அதே முகவரியைப் பெறும் இயங்குதளம் 10 என்று படித்து, உள்ளறைக் கதவைத் தட்டும்! 2021இல் இப்பிழை வெளியிடப்பட்டது. இன்று அந்த நூலகம் முன்சுழியைக் கண்டால் முகவரியையே ஏற்க மறுக்கிறது. அதுவே சரி என்பேன்.

இடப்பக்கம் சாய்ந்த கோட்டிலும் இதே கதைதான். 2005இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3986 என்னும் விதிநூலின்படி வலை முகவரியில் அதற்கு இடமே இல்லை. பிரவுசர் அதை வழக்கமான சாய்கோடாகவே பாவித்துக்கொள்ளும். பிரவுசர் தயாரிப்பாளர்களுக்குத் தனி விதிநூல் இருக்கிறது. பிழையாக எழுதிய பக்கம் திறக்காவிட்டால் மக்கள் பிரவுசரைத்தான் குறை கூறுவார்கள்; ஆகவே அது தாராளமாக நடந்துகொள்கிறது.

பெறுவதில் தாராளம் வேண்டும் என்பது 1980இல் ஜான் போஸ்டல் எழுதிவைத்த நெறி. கணினிகள் சில நூறே இருந்த காலத்தில் அது இணையத்தை வளர்த்தது. இன்று, காவல் காக்கும் நிரலுக்கு அந்தத் தாராளம் ஆகாது என்பது என் கருத்து. பிரவுசரைத் திருத்த முடியாது. பழைய பக்கங்கள் பல நின்றுபோகும். நிரல் எழுதுபவர் ஒன்று செய்யலாம்: முகவரியை ஒரே முறை பிரித்துப் படித்து, சோதித்த அந்த எண்களையே அடுத்த கட்டத்துக்கும் அனுப்பலாம். ஒரு வெர்னியரில் அளந்துவிட்டு, சுழிப்பிழை உள்ள மற்றொன்றை நம்பி உலோகத்தை வெட்டுவோமா?

நீங்களே சோதித்துப் பாருங்கள். பிரவுசரின் முகவரிப் பட்டையில் எச்.டி.டி.பி., முக்காற்புள்ளி, இரு சாய்கோடுகள், அவற்றையடுத்து 2130706433 என்று தட்டுங்கள். பக்கம் திறக்காமல் போகலாம். ஆனால் அந்த எண் 127.0.0.1 ஆக மாறிவிடும். எப்படி என்று 256ஆல் வகுத்துப் பாருங்கள்.