வாடைக்கு வாடை மருந்தல்ல!

தீப்பெட்டியில் பொன்வண்டு வைத்து, தழை கொடுத்து, அது முட்டையிடுமா என்று திறந்து திறந்து பார்த்த பிள்ளைகள் நம் டெல்டா கிராமங்களில் ஏராளம். இன்னும் கொஞ்சம் துணிச்சலான பிள்ளை, எருக்குழியில் கிடைக்கும் கொழுத்த வெள்ளைப் புழுவையே டப்பாவில் எடுத்து வந்துவிடும். காண்டாமிருக வண்டின் புழு அது.

நாலு நாளில் வீட்டில் ஒரு வாடை. “சனியனைத் தூக்கி எறிடா!” என்று அம்மா திட்டினால்கூடப் பாதகமில்லை. டப்பா பக்கத்தில் நாலு அந்துருண்டையைப் போட்டு, அறை முழுக்க சென்ட் அடிக்கிறார்களே, அதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

வாடை என்பது ஒரு சேதி. அதை அமுக்கக் கூடாது. என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

நன்றாக மக்கிய எருவில் இருக்கும் புழு நாறாது. மண்வாசனைதான் வரும். கண் எரிகிற நெடி வந்தால் எரு பச்சை, அமோனியா கிளம்புகிறது. அழுகல் நாற்றம் என்றால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை, அல்லது புழு செத்துவிட்டது.

அந்துருண்டை விஷயத்துக்கு வருவோம். அதிலுள்ள நாப்தலீன் புழுவை மட்டுமா பாதிக்கும்? ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அதன் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, காமாலையில் கொண்டுபோய் விடலாம். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால் கேட்கவே வேண்டாம். அமோனியா நெடிக்கு பிளீச்சிங் பவுடர் தூவுவதும் தப்பு. இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு உண்டாகும்.

நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை? “வண்டு மருந்துதானே” என்று அதை வீட்டுக்குள் எடுக்கவே எடுக்காதீர்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயு வரும்; அதற்கு முறிவு மருந்து கிடையாது. பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோதான் அதன் எச்சரிக்கை. சென்ட் அடித்த வீட்டில் அந்த எச்சரிக்கை மூக்குக்கு எட்டுமா? அப்படி ஒரு வாடை வந்தால் எல்லோரும் உடனே வெளியேறி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பிறகு என்னதான் செய்வது? செலவே இல்லை. டப்பாவைச் சமையலறை, படுக்கையறையிலிருந்து திண்ணை நிழலுக்கு மாற்றுங்கள். மூடிக்குப் பதில் மெல்லிய துணி கட்டுங்கள். நன்றாக மக்கிய எருவாகப் போடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. செத்த புழுவை உடனே புதைத்துவிடுங்கள். எருவில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். கையில் காயமுள்ள பிள்ளை தொட வேண்டாம். மற்றவர்களும் தொட்டபின் சோப்புப் போட்டுக் கழுவட்டும். தடுப்பூசி பாக்கி இருந்தால் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. புழு வண்டானதும் பறக்க விடாதீர்கள். அது தென்னங்குருத்தைக் குடையும். 2018 கஜா புயலில் தோப்பை இழந்த பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்களுக்கு அந்த வண்டும் ஒரு பாரமாக வேண்டாம். டப்பாவிலேயே அதன் காலம் முடியட்டும்.

பிள்ளையின் ஆசையைக் கெடுக்க வேண்டியதில்லை. அந்துருண்டை டப்பாவை முதலில் பரண்மேல் ஏற்றுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீடு தானே மணக்கும்!