சாவி யாரிடம் இருக்கிறது?

போன மாதக் கடைசி நாளில் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றார். ஆளுக்கொரு சால்வை, சந்தன மாலை, எல்லாரும் பணம் போட்டு வாங்கிய மோதிரம் என்று தடபுடல் பட்டது. மைக் பிடித்த ஏழு பேரில் மூன்று பேர் அழுதார்கள். காரில் வீடு வரை கொண்டுபோய் விட்டு, அங்கே பாயசமும் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினோம்.

இரண்டு நாள் கழித்து, வேறு பிரிவில் வெகுநாளாகக் காலியாகக் கிடந்த ஓர் இருக்கைக்கு இளநிலை உதவியாளராக ஒரு பெண் வந்தார். கையில் பணி நியமன ஆணை, மருத்துவச் சான்று, ஒரு பிளாஸ்டிக் ஃபைல் நிறையச் சான்றிதழ்கள். “பேப்பரைக் குடுத்துட்டு அப்படி ஓரமா நில்லும்மா” என்றார் ஒருவர். வரவேற்பு அவ்வளவுதான். மதியத்துக்குள் அந்த இருக்கையில் எட்டு மாதமாகத் தேங்கியிருந்த கோப்புகள் மேஜைக்கு வந்துவிட்டன. “படிச்ச பிள்ளை, கம்ப்யூட்டரும் தெரியும், முடிச்சிரும்” என்று பாராட்டு வேறு. போகிறவருக்கு மாலை, வருகிறவருக்கு மூட்டை.

அவர் எதைத் தாண்டி வந்தார் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 2022 குரூப்-4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். இப்படி ஒரு நெரிசலைத் தாண்டி வருகிறவருக்கு, உட்கார ஒரு நாற்காலி தேடுவதற்குள் நமக்கு மூச்சு வாங்குகிறது.

நான் சேர்ந்தது இருபது வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளி என்றால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அலுவலகம் திறப்பதோ பத்து மணிக்கு. நல்ல நேரத்தில் கையெழுத்துப் போட அரை மணிதான் இருந்தது. நேரத்தைத் தள்ளிப்போட்டு, பணியேற்பு அறிக்கையில் ‘பிற்பகல்’ என்று எழுத வேண்டி வந்தால் அன்றைய சம்பளம் போச்சு. அப்பா வேப்பமரத்தடியில் நின்று கைக்கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிக்கையை வாங்க வேண்டியவர் வந்தபோது மணி பத்து இருபத்தெட்டு. ‘முற்பகல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

அந்த வாரத்திலேயே பணிப்பதிவேடு திறந்தார்கள். உயரம் எவ்வளவு, அங்க அடையாளம் என்ன என்று கேட்டு எழுதினார்கள். கைரேகையும் வைத்தாயிற்று. அதுவரை அங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனால் என் முழங்கை மச்சம் அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது.

முதல் நாளில் என் பெரிய கவலை கோப்பு அல்ல. கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதுதான். காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறியவள். சுற்றிலும் ஆண்கள். யாரிடம் போய்க் கேட்பது? ஒரு மணிக்கு, மூலையில் தட்டச்சு இயந்திரத்தின் பின்னால் இருந்த அக்கா தலையைத் தூக்கினார். “பாப்பா, சாப்பாடு கொண்டாந்தியா? இங்கிட்டு வா. பொம்பளைங்க பாத்ரூம் சாவி இந்த மிஷினுக்கு அடியில இருக்கும். யார்ட்டயும் கேக்க வேணாம். நேரா வந்து எடுத்துக்க.” பிறகு எனக்கென்று ஒரு கரண்டி புளிக்குழம்பை ஊற்றினார். நான் வேலையில் சேர்ந்தது பத்து இருபத்தெட்டுக்கு அல்ல, அந்த ஒரு மணிக்குத்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

வேலை கற்றுக்கொடுக்க அரசு ஏற்பாடு செய்யாமல் இல்லை. பவானிசாகரில் பயிற்சி நிலையம் இருக்கிறது. இளநிலை உதவியாளர்கள் அங்கே அடிப்படைப் பயிற்சி முடிக்க வேண்டும். நல்ல பயிற்சி. அணைப் பக்கத்து மீன் வறுவலோடு சேர்த்து எல்லாருக்கும் நினைவில் நிற்கும். ஆனால் பலருக்கு அந்த அழைப்பு வருவது சேர்ந்து வெகுநாள் கழித்து. கிணற்றில் தள்ளிவிட்டு, கரையேறியவனைக் கூப்பிட்டு நீச்சல் சொல்லிக்கொடுப்பது மாதிரி. இடைப்பட்ட நாட்களில் பக்கத்து இருக்கைதான் பள்ளிக்கூடம். அந்த இருக்கைக்காரர் சிடுமூஞ்சியாக இருந்துவிட்டால் அதுவும் இல்லை.

இப்போது நான் கண்காணிப்பாளர். என் பிரிவுக்கு யார் புதிதாக வந்தாலும் முதல் மூன்று நாள் கோப்பு கொடுப்பதில்லை. தபால் பிரிவில் உட்கார வைப்பேன். அலுவலகத்துக்குள் வரும் ஒவ்வொரு காகிதமும் அந்த மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்தக் கடிதம் எந்த இருக்கைக்குப் போகிறது என்று மூன்று நாள் பார்த்தாலே அலுவலகத்தின் வரைபடம் மனதில் பதிந்துவிடும். நான்காம் நாள், முடிந்துபோன ஒரு கோப்பை எடுத்துக் கொடுத்து முதல் தாளிலிருந்து கடைசி வரை படிக்கச் சொல்வேன். ந.க. எண் என்றால் என்ன, அட்டையில் ‘ப.மு.’ என்று ஏன் எழுதியிருக்கிறது என்று அவர்களே கேட்பார்கள். பத்தாண்டு முடிவு, அதாவது பத்து வருடம் வைத்திருக்க வேண்டிய கோப்பு என்று சொன்னால் ஒரு சிரிப்பு வரும். எனக்கு இது தெரிய ஆறு மாதம் ஆனது. கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்பார்களோ என்ற பயம்.

இன்னொன்று, முதல் சம்பளம். எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்ததால் அதற்கென ஓர் எண் வாங்க வேண்டியிருந்தது. அது ஒரு மேஜையில் தூங்கினால் சம்பளமும் தூங்கும். புதியவர் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் ஊரிலிருந்து பணம் வரவழைத்துக்கொண்டிருப்பார். அரசு வேலை கிடைத்த பிள்ளை அப்பாவிடம் கைநீட்டும் சங்கடத்தை அனுபவித்தவருக்குத்தான் தெரியும். அந்தக் காகிதத்தின் பின்னால் நானே போய்விடுவேன்.

இதெல்லாம் செய்வதால் வேலை கெடுகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. மூன்று நாள் வீண் என்கிறார்கள். மூன்று நாள் சொல்லிக்கொடுக்காமல் விட்ட தவற்றைத் திருத்த நான் செலவழித்த மாதங்களை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

பல ஊர் சுற்றி நான் பழைய அலுவலகத்துக்கே திரும்பிய வருடம் அந்தத் தட்டச்சு அக்கா ஓய்வு பெற்றார். இயந்திரம் எப்போதோ போய் கம்ப்யூட்டர் வந்திருந்தது. சாவி மட்டும் கீபோர்டுக்கு அடியில் இடம் மாறியிருந்தது. சால்வைக் குவியலுக்கு நடுவே என்னைக் கூப்பிட்டு அதை உள்ளங்கையில் வைத்தார். “இனிமே உன் பொறுப்பு. புதுசா வர்ற பிள்ளைக தவிச்சுப் போயிரும்” என்றார்.

போன வாரம், ஓரமாக நின்ற அந்தப் பெண்ணுக்காகப் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாற்றுச் சாவி செய்து வாங்கினேன். 60 ரூபாய். எந்தப் பதிவேட்டிலும் ஏற்றவில்லை.