உத்தரவு பள்ளிவாசலுக்குள்ளிருந்தே வரட்டும்

கெய்ரோ நகரில் 1430-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோய் பரவியபோது, முதலில் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானவர்களே இறந்துகொண்டிருந்தார்கள். மக்கள் மூன்று நாள் நோன்பு வைத்தார்கள். பிறகு, மழை வேண்டித் தொழப் போவதுபோல, நகருக்கு வெளியே பாலைவெளிக்குத் திரண்டு போய், கூடி நின்று துஆ கேட்டுத் திரும்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நாளொன்றுக்கு இறப்பவர்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இதைக் குறித்துவைத்தவர், நபிமொழித் தொகுப்பான ஸஹீஹுல் புகாரிக்கு ஃபத்ஹுல் பாரி என்னும் பேருரையை எழுதிய ஷாஃபி மத்ஹப் (சட்ட மரபு) அறிஞர் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி. கொள்ளைநோய்க்குத் தம் மகள்களைப் பறிகொடுத்தவர். நோய் நீங்க ஊர் கூட்டித் தொழுவதற்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை என்று, கொள்ளைநோய் பற்றித் தாம் எழுதிய நூலில் அவர் வாதிட்டார். இத்தனைக்கும், நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. ஜின்களின் தாக்குதலால் வருவது என்ற விளக்கத்தைத்தான் அவர் நம்பினார். பிளேக் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சிகள் வழியே பரவுவது என்பதால், அந்தக் கூட்டம்தான் இறப்பைக் கூட்டியது என்று இன்றும் யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் தம் கொள்கைக்குள் அடங்காத எண்ணிக்கையை மறைக்காமல் எழுதிவைத்தாரே, அந்த நேர்மைக்கு ஒரு பெருமதிப்பு உண்டு. ஆறு நூற்றாண்டுகள் கழித்து உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) ஒரு கடினமான முடிவை எடுக்க நேர்ந்தபோது, அவருடைய குறிப்பு மறுபடியும் வாசிக்கப்பட்டது.

கொரோனா காலத்தில் கூட்டுத் தொழுகையை நிறுத்தியது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதை யார் சொன்னார்கள், எந்தக் குரலில் சொன்னார்கள் என்பதும் மருத்துவக் காரணத்துக்குச் சமமாக முக்கியம். மார்க்கத்தின் சொந்த நியாயத்தைக் கொண்டு பள்ளிவாசலுக்குள்ளிருந்தே உத்தரவு வந்தால் மக்கள் அதைத் தங்கள் கடமையாக ஏற்றுக்கொள்வார்கள். வெளியிலிருந்து பழியோடு சேர்ந்து வந்தால் பொதுச் சுகாதாரம் தன் முதல் மூலதனமான நம்பிக்கையை இழக்கிறது. அடுத்த பெருந்தொற்று வருவதற்குள் நாம் பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் மருத்துவக் காரணம். ஜமாஅத் தொழுகையின் அழகே நெருக்கத்தில் இருக்கிறது. ஒரே தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒளு செய்கிறார்கள். தோளோடு தோள், பாதத்தோடு பாதம் ஒட்டி வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நின்றவர் மிதித்த விரிப்பில் பின்னால் வந்தவர் நெற்றியை வைக்கிறார். ஓதல் முடிந்ததும் ‘ஆமீன்’ என்று ஒரே குரல் எழுகிறது. முடிந்தபின் முஸாபஹா என்னும் கைகுலுக்கல், சில இடங்களில் அணைப்பு. வெள்ளிக்கிழமை என்றால் குத்பா முடியும்வரை மூடிய கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். மனிதரை மனிதரோடு சேர்த்து வைக்கும் இவை ஒவ்வொன்றும் மூச்சுக்காற்றில் பரவும் கிருமிக்கும் வழிதான். இதில் மத வேறுபாடு எதுவும் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடற்குழு 2020 மார்ச் 10 அன்று ஒத்திகை பார்த்தபோது வந்திருந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டது, இருவர் இறந்தனர். தென்கொரியாவின் டேகு நகரில் ஒரு கிறிஸ்தவப் பிரிவின் ஆராதனைக் கூட்டங்களே முதல் பெரும் பரவலுக்குக் காரணமாயின. கோலாலம்பூரின் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் பிப்ரவரி இறுதியில் நடந்த, தப்லீக் ஜமாஅத் என்னும் மார்க்கப் பரப்பு இயக்கத்தின் மாநாட்டுக்கு ஏறக்குறைய 16,000 பேர் வந்தார்கள். அந்தக் கூட்டத்தோடு தொடர்புடைய தொற்றுகள் மட்டும் மலேசியாவில் 3,375, இறப்புகள் 34.

இந்த எண்களைக் காட்டியதும் எழும் முதல் மறுப்பு, நோயும் சாவும் இறைவன் நாட்டப்படிதானே, அதற்காகப் பள்ளியை அடைக்கலாமா என்பது. இதற்கு விடை மருத்துவப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. இஸ்லாமிய வரலாற்றிலேயே இருக்கிறது. இரண்டாம் கலீஃபா உமர் சிரியாவுக்குப் போகும் வழியில் ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. தோழர்களைக் கலந்து பேசி, படையைத் திருப்பிக்கொண்டு போக முடிவெடுத்தார். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீரா என்று கேட்டார் சிரியாவில் படைத்தளபதியாக இருந்த அபூ உபைதா. ஒரு விதியிலிருந்து அதே இறைவனின் இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற பொருளில் உமர் பதில் சொன்னார். நோய் உள்ள ஊருக்குள் போகாதே, அங்கே இருந்தால் வெளியேறாதே என்ற நபிமொழி அப்போதுதான் நினைவூட்டப்பட்டது. தம் மக்களை விட்டு வர மனமில்லாத அபூ உபைதா அந்த நோயிலேயே இறந்தார். தொற்று என்பதே கிடையாது என்று பொருள்படும் ஒரு ஹதீஸைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் நோயுற்ற ஒட்டகங்களை நல்ல ஒட்டகங்களோடு சேர்க்கக் கூடாது என்ற நபிமொழியும் உண்டு. எதுவும் இறைவன் நாட்டமின்றித் தானாகப் பரவுவதில்லை, ஆனால் காரணங்களைத் தவிர்த்துக்கொள்வது மனிதன் கடமை என்றே அறிஞர்கள் பலர் இரண்டையும் இணைத்துப் புரிந்துகொண்டார்கள். பூண்டும் வெங்காயமும் தின்ற வாயோடு பள்ளிக்கு வந்து பக்கத்திலிருப்பவருக்குத் தொல்லை தரக் கூடாது என்று சொன்ன மார்க்கம், உயிரைப் பறிக்கும் கிருமியோடு வரலாம் என்று சொல்லுமா?

அதனால்தான் 2020 மார்ச்சில் முடிவுகள் இத்தனை விரைவாக வந்தன. மார்ச் 13 வெள்ளிக்கிழமையன்று குவைத்தில் பாங்கில், தொழுகைக்கு வாருங்கள் என்னும் அழைப்புக்குப் பதிலாக வீடுகளில் தொழுங்கள் என்ற வாசகம் ஒலித்தது. அது புதிதாகக் கண்டுபிடித்த வாசகம் அல்ல. கடும் மழை நாளில் நபித்தோழர் இப்னு அப்பாஸ் தம் பாங்கோதுபவரை அப்படிச் சொல்லவைத்ததாக ஹதீஸ் நூல்களில் உள்ளது. சேற்றில் வழுக்கி விழக்கூடும் என்பதற்கே அந்தச் சலுகை! இரண்டு நாள் கழித்து எகிப்தின் அல்-அஸ்ஹர் மூத்த அறிஞர் மன்றம், ஜும்மாவையும் ஜமாஅத்தையும் நிறுத்த அரசுக்கு அனுமதி உண்டு என்று ஃபத்வா தந்தது. சவூதி மூத்த அறிஞர் மன்றமும் மார்ச் 17-ல் அதே முடிவுக்கு வந்தது. 2019-ல் ஏறக்குறைய 25 இலட்சம் பேர் கூடிய ஹஜ், 2020-ல் சவூதியில் ஏற்கெனவே இருந்த மிகச் சிலரோடு முடிந்தது. 2021-ல் தடுப்பூசி போட்ட 60,000 பேருக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மக்காவின் பெரிய பள்ளிவாசலில் தரையில் ஒட்டியிருந்த இடைவெளிக் குறிகளை அகற்றி, மறுபடி தோளோடு தோள் நின்றார்கள். தடைக்கு ஒரு முடிவும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொன்னதால்தான் தடையைத் தாங்க முடிந்தது.

உலமாக்கள் பேசுவதன் பயன் நுணுக்கமான இடங்களில்தான் தெரியும். ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று ஓர் அரசாணை வருகிறது என்று வையுங்கள். மாவட்ட நிர்வாகத்துக்கு அது வெறும் எண். ஹனஃபி மத்ஹபில் இமாம் தவிர மூவர் இருந்தால் ஜும்மா நிறைவேறும் என்பதால் பள்ளியின் பணியாளர்களைக் கொண்டே அதை நடத்திவிடலாம். காயல்பட்டினம், கீழக்கரையிலும் இலங்கையின் பெரும்பகுதியிலும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபில் நாற்பது பேர் வேண்டும். ஆகவே அங்கே ஜும்மா கிடையாது, வீட்டில் வழக்கமான நண்பகல் தொழுகையான லுஹர் தொழுதால் போதும் என்று சொல்லும் அதிகாரம் ஆலிமுக்குத்தான் உண்டு. வரிசையில் இடைவெளி விட்டால் தொழுகை கூடுமா, முகக்கவசத்தோடு ஸஜ்தா செய்யலாமா, வீட்டில் குடும்பத்தோடு தராவீஹ் தொழுதால் ஜமாஅத்தின் நன்மை கிடைக்குமா என்ற கேள்விகளோடுதான் மக்கள் தவித்தார்கள். காவல் நிலையத்தில் இவற்றுக்கு விடை கிடைக்காது.

பள்ளிவாசலிடமே முடிவை விட்டுவிட்டால் அது எப்போதும் சரியாக அமையும் என்று நான் சொல்லவரவில்லை. பாகிஸ்தானில் ஏப்ரல் 18 அன்று குடியரசுத் தலைவரும் உலமாக்களும் உட்கார்ந்து 20 அம்ச உடன்பாடு போட்டார்கள். ரமளானில் பள்ளிகள் திறந்திருக்கும், விரிப்பு கூடாது, ஆறடி இடைவெளி வேண்டும், ஐம்பது வயதைக் கடந்தவர்கள் வரக் கூடாது, வீட்டிலேயே ஒளு செய்து வர வேண்டும். வாசலில் நின்று ஒரு முதியவரைத் திருப்பி அனுப்பும் வேலையை இமாமின் தலையில் கட்டிய உடன்பாடு அது. அந்நாட்டு மருத்துவர்களே அதைக் கைவிடும்படி வெளிப்படையாக வேண்டினார்கள். அரசு தன் பொறுப்பைக் கைமாற்றிவிட்டு அதற்குக் கலந்தாலோசனை என்று பெயர் வைக்கக் கூடாது.

நம் நாட்டில் நடந்தது இதைவிட வருத்தம் தருவது. தப்லீக் ஜமாஅத்தின் தலைமையகமான டெல்லி நிஜாமுதீன் மர்கஸில் 2020 மார்ச் நடுவில் ஏராளமானோர் தங்கவைக்கப்பட்டது தவறு. குவைத்தும் அல்-அஸ்ஹரும் பேசிய அதே வாரத்தில் அங்கும் சிந்தித்திருக்க வேண்டும். ஆனால் நாடாளுமன்றமே மார்ச் 23 வரை நடந்துகொண்டிருந்த நாட்டில், அந்தத் தவறு ஒரு சமூகத்தின் சதியாகச் சித்திரிக்கப்பட்டது. தொலைக்காட்சிகள் கிருமிக்கு மதச்சாயம் பூசின. நோயாளிகளை மதத்தின் பெயரால் வகைப்படுத்துவது உதவாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதிகாரியே சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலும் முதல் சில நாட்கள் அன்றாட அறிக்கையில் ‘டெல்லி மாநாடு’ என்ற சொல் வந்துகொண்டிருந்தது. பிறகு அதைக் கைவிட்டார்கள். நல்ல திருத்தம்தான், அதற்குள் பல தெருக்களில் காய்கறி விற்பவரின் பெயரைக் கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. வெளிநாட்டுத் தப்லீக் ஜமாஅத்தினர் மீது போட்ட வழக்குகளை 2020 ஆகஸ்டில் ரத்துசெய்த பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் குறிப்பிட்டது. அவர்களுக்கு இடம் கொடுத்த இந்தியர்கள் மீதான வழக்குகளை டெல்லி உயர்நீதிமன்றம் ரத்துசெய்ய 2025 ஜூலை ஆயிற்று. பரிசோதனைக்கு வா என்று அழைப்பவரும் கைது செய்வேன் என்று மிரட்டுபவரும் ஒரே ஆளாக இருந்தால் எவர் முன்வருவார்? மலேசியாவோ, ஸ்ரீ பெட்டாலிங் கூட்டத்தின் தொடர்பில் 42,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து, 2020 ஜூலை தொடக்கத்திலேயே அந்தத் தொடர்பரவலை முடித்துவைத்தது.

இலங்கையின் அனுபவம் இன்னும் கசப்பானது. அங்கே அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா மார்ச் நடுவிலேயே ஜும்மாவையும் ஜமாஅத்தையும் நிறுத்தச் சொன்னது. தமிழ் பேசும் முஸ்லிம்கள் கேட்டு நடந்தார்கள். அதற்குக் கிடைத்த பதில், கொரோனாவால் இறந்த எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இருந்தும், 2021 பிப்ரவரி இறுதிவரை அது நீடித்தது. பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையையும் பெற்றோர் சம்மதமின்றி எரித்தார்கள். கொழும்பு பொரளை மயானத்தின் இரும்புக் கதவில் சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். அறிவியலுக்காகத் தங்கள் பள்ளியை அடைத்த மக்களிடம், அறிவியலின் பெயரால் அறிவியலற்ற ஒன்றைத் திணித்தால் அடுத்த முறை அவர்கள் எதை நம்புவார்கள்?

இங்கேதான் நியாயமான இன்னொரு மறுப்பும் எழுகிறது. தமிழ்நாட்டில் 2020 மே 7 அன்று டாஸ்மாக் கடைகள் திறந்தன. எல்லா வழிபாட்டுத் தலங்களும் திறக்க செப்டம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலில், இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தபோது, ஹரித்வார் கும்பமேளாவில் இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் நீராடினார்கள். எங்களுக்கு மட்டும்தானா கட்டுப்பாடு என்று ஒரு முஸ்லிம் கேட்டால் அதில் பிழை காண முடியாது. ஆனால் அந்தக் கேள்வி, நடக்கக் கூடாத கூட்டங்களைத் தடுக்கக் கேட்கும் கேள்வியாக இருக்க வேண்டும். நாங்களும் கூடுவோம் என்ற முடிவுக்குப் போனால், அரசின் ஓரவஞ்சனைக்குச் சொந்த வீட்டு முதியவர்கள் உயிரால் விலை கொடுப்பார்கள். அரசு பாரபட்சம் காட்டியதா இல்லையா என்று பார்த்துக் கிருமி பரவுவதில்லை.

செய்ய வேண்டிய வேலைகள் கண்முன்னே இருக்கின்றன. பள்ளியை அடைத்தால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் இமாமும் மோதினாரும்தான். வெள்ளிக்கிழமை வசூலை நம்பியே பல சிற்றூர்ப் பள்ளிகள் அவர்களுக்குச் சம்பளம் தருகின்றன. அந்தச் சம்பளத்துக்கு வக்ஃப் வாரியமும் அரசும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால், பள்ளியைத் திறந்துவைக்கும் நிர்ப்பந்தம் அவர்கள் வயிற்றிலிருந்தே எழும். 2020 ரமளானில் நோன்புக் கஞ்சிக்கான அரிசியைப் பள்ளியில் காய்ச்சாமல் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தனியாக வாழும் முதியவர்களின் பட்டியல் அந்தந்தப் பள்ளியைச் சார்ந்த மஹல்லாக்களிடம் (ஊர்ச் சமூகங்களிடம்) ஏற்கெனவே இருந்ததால்தான் அது முடிந்தது. அந்தப் பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கூடத்தின் சன்னல்கள் திறக்கின்றனவா, குளிர்சாதனத்துக்காக ஆணியடித்து மூடியிருக்கின்றனவா என்று இப்போதே பார்க்க வேண்டும். மாவட்ட சுகாதார அலுவலர் நோய் வராத காலத்திலேயே ஜமாஅத் தலைவரையும் இமாமையும் கோயில், தேவாலய நிர்வாகிகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எந்த அளவு பரவினால் கூட்டத்தைக் குறைப்பது, எப்போது நிறுத்துவது, எந்த நிலையில் மறுபடி திறப்பது என்பதை எல்லோருக்கும் ஒன்றாக எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதிவைத்த தாள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் இருந்தால், அந்த நாள் வரும்போது இமாம் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் ஒலிபெருக்கியை எடுத்து வீட்டில் தொழச் சொல்லிவிடலாம்.