பிரசவ வலியில் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது

புதன்கிழமை தடுப்பூசி நாள். சென்னீர்குப்பத்தில் நாங்கள் வேலை செய்யும் காலனியில், அன்று காலை அங்கன்வாடி வாசலில் இளம் தாய்மார்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். சில மாதங்களுக்கு முன் அங்கே ஒரு தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தோம். வயது இருபத்து மூன்று. மடியில் மூன்று மாதக் குழந்தை, அவருக்கு இரண்டாவது. "இனிமே என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டோம். சிரித்தார். "நான் எங்கக்கா முடிவு பண்ணேன்? வலி எடுத்து உள்ள போறப்ப பேப்பர நீட்டுனாங்க. கையெழுத்து போடுன்னாங்க, போட்டேன். ரெண்டு நாள்ல ஆபரேஷன் முடிஞ்சிருச்சு."

மூன்றாவது குழந்தை வேண்டாம் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். ஆனால் ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, காப்பர் டி இருக்கிறது, கணவருக்கும் ஆபரேஷன் இருக்கிறது என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. பிக்மி எண் வாங்கியதில் தொடங்கி பிரசவம் வரை எத்தனையோ முறை எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். உட்கார வைத்துப் பேச மட்டும் யாருக்கும் நேரமில்லை.

குடும்ப நலத்தைத் தாய்-சேய் நலத்தோடு இணைக்க வேண்டும் என்று திட்ட அறிக்கைகள் சொல்கின்றன. நாமும் அதை ஆதரிக்கிறோம். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்கு இரண்டு ஆண்டுகளாவது இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அந்த உடம்பு தேற வேண்டுமானால் இடைவெளி வேண்டும், இடைவெளிக்குக் கருத்தடை வேண்டும். அதைத் தனிக் கட்டிடத்தில் தேடாமல், தடுப்பூசி போட வரும் இடத்திலேயே பெறுவதுதான் நல்லது. கேள்வி ஒன்றுதான்: இந்த இணைப்பு யாருடைய வசதிக்காக?

வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். 1952இல் அரசே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய முதல் நாடு இந்தியா. பிறகு இலக்குகள் வந்தன. பிரசவம் பார்க்க வேண்டிய செவிலியர், ஆள் பிடிக்கும் ஊழியராக்கப்பட்டார். நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்கு. 1977 தேர்தலில் அந்தக் கோபம் வெடித்தது. அதிலிருந்து அரசுகள் கற்றுக்கொண்ட பாடம் "கட்டாயப்படுத்தக் கூடாது" என்பதல்ல, "ஆண்கள் மேல் கை வைக்கக் கூடாது" என்பதுதான். சுமை பெண்கள் பக்கம் திரும்பியது. 1996 ஏப்ரலில் இலக்கு முறையைக் கைவிடுவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. பழக்கம் கைவிடப்படவில்லை.

இன்றைய நிலை என்ன? அதே ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்கு அதைவிடச் சிறிய சிகிச்சை, சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். ஆனாலும் "அவரு வேலைக்குப் போகணும்" என்கிறோம். இவர் மட்டும் வேலைக்குப் போகவில்லையா? எங்கள் காலனிப் பெண்கள் விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறுகிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிறார்கள். சித்தாள் வேலைக்குப் போகிறார்கள்.

இதில் சாதியும் இருக்கிறது. 2007இல் ஒன்றிய அரசு திருத்திய ஈட்டுத்தொகைத் திட்டத்தில், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண் வறுமைக் கோட்டுக்கு மேலே இருந்தால் 250 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தாலோ, பட்டியல் சாதி, பழங்குடி என்றாலோ 600 ரூபாய். இதை உதவி என்பார்கள். கூலி இழப்புக்கு ஈடு என்றால் சரி. ஆனால் ஒரு வாரக் கூலி இல்லாமல் தவிக்கும் வீட்டில் அந்த 600 ரூபாய் சும்மா இருப்பதில்லை, அதுவும் சேர்ந்துதான் முடிவெடுக்கிறது.

சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தை மறந்துவிட முடியாது. 2014 நவம்பரில் அங்கே ஒரு முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். 13 பெண்கள் இறந்தார்கள். 2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்தச் சொன்னது. "தமிழ்நாட்டில் அப்படி இல்லையே" என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். இங்கே கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கின்றன. ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 2018-20இல் இந்திய அளவில் 97 என்றால், தமிழ்நாட்டில் 54. இந்தச் சாதனைக்குப் பின்னால் கிராம சுகாதார செவிலியர்களின் உழைப்பு இருக்கிறது. நம் விமர்சனம் அவர்கள் மீதல்ல. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. சென்னீர்குப்பம் போன்ற, கிராமமும் இல்லாத நகரமும் இல்லாத ஊர்களில் மாதா மாதம் வாடகைக்கு வந்து போகும் குடும்பங்கள் அந்தக் கணக்கில் அடங்குவதில்லை. பதிவேடு நிரப்பவே நேரம் போதாத செவிலியர் எப்போது உட்கார்ந்து பேசுவார்?

இன்னொன்று, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 18,000 ரூபாய் மதிப்புள்ள நல்ல திட்டம். ஆனால் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். மூன்றாவது முறை கருவுற்ற பெண்ணின் உடம்புக்குச் சத்துணவு வேண்டாமா? பெரும்பாலும் அவர்தான் மிகவும் ஏழை, மிகவும் ரத்தசோகை உள்ளவர். தண்டனை யாருக்கு?

அரசின் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். நேற்று வரை "இரண்டே போதும்". தொகுதி மறுவரையறை பேச்சு வந்ததும், 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் திருமண விழாவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மணமக்களிடம் உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். மறுவரையறையை நாமும் எதிர்க்கிறோம். ஆனால் தொகுதி எண்ணிக்கைக்காகச் சுருங்கவும் விரியவும் எங்கள் பெண்களின் கருப்பை ஒன்றும் அரசின் பதிவேடு அல்ல.

இதை முன்பே சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் உழைக்கும் பெண்களுக்கான மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1938 நவம்பரில், கருத்தடை வசதிகளை அரசு செய்துதர வேண்டும் என்ற தீர்மானத்துக்கு அவர் எழுதிய உரையை பி.ஜே.ரோகம் அவையில் படித்தார். கருத்தரிப்பதா வேண்டாமா என்பது பெண்ணின் விருப்பத்தைச் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்றது அந்த உரை. தீர்மானம் தோற்றது. மகப்பேறு உதவி, கருத்தடை இரண்டையும் அவர் பெண்ணின் உரிமையாகப் பார்த்தார். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் பேரமாகப் பார்க்கவில்லை. பெரியாரும் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில், மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகக் கர்ப்பத்தடை கேட்கிறார்கள், தாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்பதாகப் பிரித்துக் காட்டினார்.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. கருத்தடை பற்றிய பேச்சு கர்ப்ப காலப் பரிசோதனையிலேயே தொடங்க வேண்டும், கையெழுத்துத் தாள் முதன்முதலாகப் பிரசவ அறையில் நீட்டப்படக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் சாயா மாத்திரையும் 2017 முதல் அரசுத் திட்டத்தில் உள்ளன. அவை தடுப்பூசி நாளன்று கையிருப்பில் இருக்க வேண்டும். தனியாக நின்று பேச ஒரு மறைப்பு வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்காக வாரம் ஒரு மாலையாவது துணை சுகாதார நிலையம் திறந்திருக்க வேண்டும். மகப்பேறு நிதியைக் குழந்தைக் கணக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். ஆண்களை அழைத்துப் பேச வேண்டும்.

கல்லூரித் தோழர்களே, உங்கள் தெருவிலிருந்தே தொடங்குங்கள். அடுத்த புதன்கிழமை தடுப்பூசி போடும் இடத்துக்குப் போய் அந்தரா இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டாயத்தின் பேரிலோ மயக்க மருந்தின் பிடியிலோ சம்மதம் வாங்கக் கூடாது, பெண்ணின் ஆபரேஷனுக்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை என்று ஒன்றிய அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. இதை உங்கள் அக்காவுக்கும் அண்ணிக்கும் சொல்லுங்கள். ஆண் தோழர்களே, "ஆணுக்கும் ஆபரேஷன் இருக்கிறது" என்ற வாக்கியத்தை உங்கள் அண்ணனிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதையும் அந்த இருபத்து மூன்று வயதுத் தங்கையின் தலையில் கட்டாதீர்கள்.