முதலில் தொட்டி, பிறகு பானை

உங்கள் தெருவில் உள்ள பழைய வீடொன்றின் சுவரை, தரையோடு ஒட்டிய பகுதியில் உற்று நோக்குங்கள். சில இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விரலால் தொட்டால் காரை பொலபொலவென உதிரும். "சுவரில் உப்புப் பூத்துவிட்டது" என்பார்கள் பெரியவர்கள். உப்பு கலந்த நீர் சுவரின் நுண்துளைகளில் ஏறுகிறது. நீர் ஆவியாகிவிடுகிறது. தங்கிய உப்பு படிகமாக வளர்கிறது. வளர இடம் போதாமல் காரையை நெம்பித் தள்ளுகிறது.

இதே உப்பு, ஈராயிரம் ஆண்டுகள் கடலடியில் கெடாமல் கிடந்த ஒரு பானையை, கரைக்கு வந்த சில நாட்களிலேயே பாழாக்கிவிடும் என்றால் நம்புவீர்களா?

இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாய என்ற ஊர் உள்ளது. அதன் கடற்பகுதியில், ஏறத்தாழ 33 மீட்டர் ஆழத்தில், ஒரு பழங்கப்பல் கிடப்பது 2003-இல் தெரியவந்தது. இந்துமாக்கடலில் இதுவரை கண்டறியப்பட்ட கப்பற்சிதைவுகளில் மிகப் பழமையானது இதுவே. வயது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள். கண்ணாடிக் கட்டிகள், அரைக்கும் கற்கள் ஆகியவற்றோடு கறுப்பு-சிவப்பு மட்கலன்களும் அங்கே கிடைத்தன. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையிலும் அகழாய்வாளர்கள் கண்டது இவ்வகை மட்கலன்களைத்தான். ஆனால் மலையடியில் கிடைத்த ஓட்டையும் கடலடியில் கிடைத்த ஓட்டையும் ஒரே விதமாகத் துப்புரவு செய்ய முடியாது. காரணம், கடல் ஓட்டினுள் ஊறியிருக்கும் உப்பு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. ஒரு மண்பானையின் சுவரிலுள்ள நுண்துளைகள் 100 மில்லிலிட்டர் நீரைக் கொள்வதாக வைத்துக்கொள்வோம். அதில் 3.5 கிராம் உப்பு இருக்கும். பானையை வெயிலில் காயவைத்தால் அத்தனையும் நுண்துளைகளுக்குள்ளேயே படிகமாகும். மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயரும். மெருகிட்ட கலமானால் மெருகு கழன்று விழும். அத்தோடு தொல்லை தீர்வதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சிக் கரையும். கோடையில் மீண்டும் படிகமாகும். அருங்காட்சியக அலமாரியில் இருந்தாலும், ஒவ்வொரு மழைக்காலமும் அந்தப் பானைக்கு ஓர் அடிதான்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? கடலிலிருந்து எடுத்த கணமே பானையைக் கடல்நீர் நிறைந்த தொட்டியில் இட வேண்டும். பிறகு நன்னீரைச் சிறிது சிறிதாகக் கூட்டி, கடைசியில் அயனி நீக்கிய நீருக்கு மாற்ற வேண்டும். உப்பு, செறிவு மிகுந்த பானையிலிருந்து செறிவு குறைந்த நீருக்குத் தானாகவே வரும். இதுவே நீங்கள் படித்த விரவல். நம் பானையைப் பத்து லிட்டர் நன்னீரில் இட்டு, உப்பு எங்கும் சமமாகப் பரவும்வரை விட்டால், பானையில் எஞ்சுவது நூற்றில் ஒரு பங்கு, அதாவது 35 மில்லிகிராம். நீரை இன்னொரு முறை மாற்றினால் 0.35 மில்லிகிராம்தான்.

"இரண்டு முறை நீர் மாற்றினால் வேலை முடிந்ததே!" என்பீர்கள். அவசரப்பட வேண்டாம். சமமாகப் பரவ நாளாகும். பானைச்சுவரின் தடிமன் இருமடங்கானால் விரவலுக்கு வேண்டிய காலம் நான்கு மடங்காகும். பெரிய சாடிகளுக்கு மாதக்கணக்கில் தொட்டிவாசம்தான்!

உப்பு போய்விட்டது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும். கடல்நீரின் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 50,000 மைக்ரோசீமன். தொட்டி நீரில் அது நாளுக்கு நாள் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்து வரைபடம் வரைவார்கள். ஏற்றம் நின்றுவிட்டால் வேலை முடிந்ததென அறியலாம். ஒரு துளி வெள்ளி நைட்ரேட்டும் உதவும். குளோரைடு எஞ்சியிருந்தால் வெண்ணிற வீழ்படிவு காட்டிக்கொடுத்துவிடும்.

பானைமேல் ஒட்டிய சிப்பியையும் சுண்ணாம்புப் படிவையும் அமிலம் ஊற்றிக் கரைத்துவிடலாமே என்று தோன்றும். பானையின் மண்ணிலேயே சுண்ணாம்புத் துகள் இருந்தால் அதையும் அமிலம் தின்றுவிடும். எனவே ஈரமாக இருக்கும்போதே, சிறு கருவிகளால் பொறுமையாகச் சுரண்டி எடுப்பதே நல்லது. உட்புறத்தையும் கண்மூடித்தனமாகத் தேய்க்கக் கூடாது. அங்கே படிந்த எண்ணெயின் அல்லது பிசினின் எச்சமே, அந்தக் கப்பல் எதை ஏற்றிச் சென்றது என்பதற்குச் சாட்சி. பளபளவெனக் கழுவிய பானை சாட்சி சொல்லாது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். காவிரிப்பூம்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரையிலான கடற்பகுதியில் ஆழ்கடலாய்வு நடத்தப்படும் என்று தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் தொட்டியும், தூய நீரும், அளவுமானியும், அவற்றைப் பல மாதம் கவனிக்க ஆளும் ஆயத்தமாகும் முன்பு ஒரு பானையைக்கூடக் கடலிலிருந்து எடுக்கக் கூடாது என்பேன். "அதற்குள் மீன்பிடி வலை இழுத்து உடைத்துவிடாதா? திருடர் கொண்டுபோக மாட்டார்களா?" என்று கேட்கலாம். நியாயமான அச்சமே. அதற்கு வழி அவசரமாக அள்ளுவதன்று. அளந்து, படம் எடுத்து, மணலால் மூடிக் காவல் காப்பது. இருந்த இடத்திலேயே காப்பதை முதல் வழியாகக் கருத வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையும் கூறுகிறது.

கடலே இல்லாத ஓசூருக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இங்குள்ள தொழிற்சாலைகளில் முலாம் பூசும் பகுதிக்குச் சென்று பாருங்கள். அயனி நீக்கிய நீர், மின்கடத்துமானி, மணிக்கொரு முறை அளவைப் பதியும் பழக்கம் அனைத்தும் அங்குண்டு. பழம்பானையைக் காக்கும் கலைக்கு வேண்டியவையும் இவையே. இயற்பியலும் வேதியியலும் படிக்கும் உங்களுள் சிலராவது இத்துறைக்குச் செல்ல வேண்டும்.

இன்றே தொடங்கலாம். உடைந்த மண்சட்டியின் இரண்டு ஓடுகளை, லிட்டருக்கு 35 கிராம் கறியுப்பு கரைத்த நீரில் ஒரு வாரம் ஊறவையுங்கள். ஒன்றை அப்படியே வெயிலில் உலர்த்துங்கள். மற்றதை, நாள்தோறும் நல்ல நீர் மாற்றி இரண்டு வாரம் வைத்திருந்து, பின் நிழலில் உலர்த்துங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எந்த ஓட்டை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும் என்பது உங்களுக்கே விளங்கும்.