எசமானர்களின் சமரசம்

1833-ம் வருஷம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை ஒழிந்தது என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லுகின்றன. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் முழங்கால் சேற்றில் நின்றிருந்த படியாளுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை. சேராமல் இருக்க லண்டனிலேயே ஏற்பாடு செய்துவிட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்களுக்கும், இலங்கைக்கும், செயின்ட் ஹெலினா தீவுக்கும் இது பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் 64-வது ஷரத்து கூறுகிறது. சட்டம் பொருந்திய மேற்கிந்தியத் தீவுகளில் மட்டும் என்ன நடந்தது? எசமானர்களுக்கு 2 கோடி பவுன் நஷ்ட ஈடு கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கரும்புத் தோட்டத்தில் முதுகொடிந்தவனுக்குக் காலணாவும் கிடையாது.

அதே வருஷம் கம்பெனியின் பட்டயத்தைப் புதுப்பிக்கும் மசோதாவும் பார்லிமெண்டுக்கு வந்தது. அதன் முதல் நகலில் ஒரு தேதி இருந்தது. 1837 ஏப்ரல் 12-ந் தேதியோடு இந்தியாவில் அடிமை முறை முடிய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். உடனே எதிர்ப்புக் கிளம்பிற்று. பிரபுக்கள் சபையில் வெல்லிங்டன் கோமகன் எழுந்து, இந்தியாவில் இந்த விஷயத்தில் கை வைப்பது அபாயம் என்று எச்சரித்தார். தேதி அடிக்கப்பட்டது. செய்யத்தக்கதாகவும் அபாயமில்லாததாகவும் தோன்றும்போது அடிமை முறையை நீக்க கவர்னர் ஜெனரல் வழி தேடட்டும் என்ற வழவழப்பான வாசகம் அந்த இடத்தில் புகுந்தது.

யாருக்கு அபாயம்? செங்கல்பட்டு ஜில்லாவைப் பார்த்தால் விடை தெரியும். 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி ஜாகீராகப் பெற்ற பூமி இது. ஏரியும் நஞ்சையும் கிராமத்து மிராசுதார் கையில் இருந்தன. ஏர் பிடித்ததும் நாற்று நட்டதும் சேரியில் பிறந்த ஆணும் பெண்ணும். தொண்டை மண்டலத்து மிராசுதார்களிடம் அடிமைகள் இருந்ததை, மிராசு உரிமை பற்றி எல்லிஸ் துரை எழுதிக் கொடுத்த பதில்களே சொல்லுகின்றன. படியாள் தன் இஷ்டப்படி வேலையை விட்டுப் போகலாம் என்றால் நடவு நிற்கும். நடவு நின்றால் மிராசுதார் கிஸ்தி கட்ட மாட்டார். கிஸ்தி வராவிட்டால் கம்பெனியின் கஜானாவுக்கு நஷ்டம். ஆகவே கம்பெனியும் மிராசுதாரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அதை யாரும் பத்திரத்தில் எழுதவில்லை. வரியை நீ கொடு, ஆளை நீ வைத்துக்கொள் என்பதே அதன் சாரம்.

பத்து வருஷம் கழித்து, 1843-ல், 5-வது சட்டம் வந்தது. நாலே ஷரத்துக்கள். கடனுக்கோ வரி பாக்கிக்கோ கோர்ட்டு மூலம் ஆளை விற்க முடியாது. இவன் என் அடிமை என்று வழக்காட முடியாது. அடிமை என்ற காரணத்தால் ஒருவனுடைய சொத்தைப் பறிக்க முடியாது. மற்றவனுக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. இவை நல்ல ஷரத்துக்கள்தாம். ஆனால் நீ விடுதலை பெற்றவன் என்று சேரிக்குப் போய்த் தண்டோரா போட எந்த அதிகாரியையும் சட்டம் அனுப்பவில்லை. ஒரு குழி நிலமும் தரவில்லை. குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையதாகவே இருந்தது. அடிமைச் சீட்டுப் போய்க் கடன் சீட்டு வந்தது. 1859-ல் இன்னொரு சட்டம் செய்தார்கள். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறைக்கு அனுப்பலாம் என்றது அது! 1920-களின் நடுவில்தான் அதை ரத்து செய்தார்கள்.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் எசமானர்கள் சமரசம் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே பேரம் புது ராஜ்யங்களைப் பற்றியது. 1819-ல் அடிமை ராஜ்யம் 11, அடிமையில்லாத ராஜ்யம் 11. ராஜ்யத்துக்கு இரண்டு பேர் வீதம் செனட் சபையில் இரு தரப்பும் சமம். மிசௌரி அடிமை ராஜ்யமாகச் சேர வந்தபோது தராசு சாயப் பார்த்தது. 1820-ல் மெயின் என்ற ராஜ்யத்தை மறு தட்டில் வைத்துச் சரிக்கட்டினார்கள். மேற்கே உள்ள பிரதேசத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குத் தெற்கே அடிமை இருக்கலாம், வடக்கே கூடாது என்றார்கள். 1850-ல் கலிபோர்னியாவை அடிமையில்லாத ராஜ்யமாக ஏற்றார்கள். அதற்கு விலையாக, ஓடிப் போன அடிமையைப் பிடித்துக் கொடுப்பது வடக்கத்தியானுக்கும் கடமை என்று கடுமையான சட்டம் செய்தார்கள். 1854-ல் கோட்டையே அழித்து, கான்சாஸிலும் நெப்ராஸ்காவிலும் குடியேறியவர்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கான்சாஸில் ரத்தம் ஓடிற்று. 1857-ல் டிரெட் ஸ்காட் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, கறுப்பர்கள் அமெரிக்கப் பிரஜைகளே அல்ல, பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரஸ் சபைக்கு அதிகாரமும் இல்லை என்று தீர்ப்பளித்தது.

இத்தனை பேரத்திலும் அடிமையிடம் ஒரு வார்த்தை கேட்டவர் உண்டா? 1860-ல் அவர்கள் சுமார் 40 லட்சம் பேர். பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்காக மட்டும் ஐந்து அடிமையை மூன்று ஆளாகக் கணக்கிட்டார்கள். அந்த மூன்று ஆளின் பேரில் வந்த ஓட்டும் எசமானனுக்கே!

பருத்தி மண்ணைத் தின்னும் பயிர். பழைய நிலம் சோர்ந்தால் புது நிலம் வேண்டும். புது நிலம் கிடைக்காவிட்டால் அடிமை முறை நாளடைவில் வாடிப் போகும் என்பது தெற்கத்தி எசமானர்களுக்கு நன்றாகத் தெரியும். 1861-ல் வியன்னாப் பத்திரிகையில் மார்க்ஸ் இதைத்தான் எடுத்துக் காட்டினார். லிங்கன் 1860-ல் ஜெயித்ததும் அவர்கள் பிரிந்து போனார்கள். 1861 ஏப்ரலில் பீரங்கி முழங்கிற்று.

மில் தொழிலாளிகள் நினைவில் வைக்க வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. யுத்தத்தால் பருத்தி வராமல் லங்காஷயர் மில்கள் மூடிக் கிடந்தன. தெற்கை ஆதரித்தால் பஞ்சு வரும் என்று முதலாளிகளில் பலர் சொன்னார்கள். 1862 டிசம்பர் 31-ந் தேதி மான்செஸ்டர் தொழிலாளிகள் கூட்டம் போட்டு, அடிமை முறைக்கு எதிராக உங்கள் பக்கம் நிற்கிறோம் என்று லிங்கனுக்கு எழுதினார்கள். வீட்டில் அடுப்பு எரியாத நாளில் எழுதிய கடிதம் அது. அடுத்த மாதமே லிங்கன் நன்றி கூறிப் பதில் அனுப்பினார். வியாபாரிகளோ இந்தியப் பருத்தியின் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பருத்திச் செடியின் கீழே யார் குனிந்திருந்தார்கள் என்று அவர்கள் விசாரிக்கவில்லை.

யுத்தத்தில் எசமானர்கள் தோற்றார்கள். 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். அந்த வருஷம் ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார். தெற்குக் கரோலினாவிலிருந்து புளோரிடா வரை கடற்கரை நிலத்தையும் தீவுகளையும் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுப்பது என்றார். சுமார் 40,000 பேர் குடியேறிப் பயிர் வைத்தார்கள். ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். அடுத்து வந்த ஜான்சன் அதே வருஷத்தில் நிலத்தில் பெரும்பகுதியைப் பழைய எசமானர்களுக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

இனி நம்முடைய கடற்கரைக்கு வருவோம். 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் சேரி மக்களின் நிலையைப் பற்றி நீண்ட குறிப்பு ஒன்றை சர்க்காருக்கு எழுதினார். அவர் ஏகாதிபத்தியத்தின் உத்தியோகஸ்தர், நம்முடைய தோழர் அல்ல. ஆனாலும் கண்டதை எழுதினார். குடியிருக்கும் மனை மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். அற்பக் கடனுக்குத் தன்னையே எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். தரிசு நிலத்துக்கு தர்க்காஸ்து போட்டால் மிராசுதார் முன்னுரிமை கோரித் தடுத்தார். மனையும் நிலமும் பள்ளிக்கூடமும் கொடுங்கள் என்றார் கலெக்டர். மேலிடம் முணுமுணுத்தது. கடைசியில் 1892 செப்டம்பர் 30-ந் தேதி உத்தரவு பிறந்தது. மிராசுதாரின் நஞ்சையைத் தொடாமல், தரிசிலிருந்து சேரி மக்களுக்கு நிலம். பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம். இதுவும் ஒரு சமரசம்தான். ஆனால் ஏழை கையில் பட்டா வந்த சமரசம். இன்று நாம் பஞ்சமி நிலம் என்பது இதைத்தான்.

அந்த நிலத்தில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது? கடனுக்கும் சாராயத்துக்கும் மிரட்டலுக்கும் போனது போக, பிற்பாடு மனை வியாபாரிகள் வந்தார்கள். 1994-ல் காரணைக் கிராமத்துப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டு மக்கள் எழுந்தார்கள். அக்டோபர் 10-ந் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. இருவர் மாண்டார்கள். அதற்குப் பின் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாயிற்று. மாமல்லபுரம் பக்கம் சென்ட் கணக்கில் விலை பேசுகிறார்கள். சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் உல்லாச விடுதி நிற்கிறது. இன்னொரு பக்கம், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தும், 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்க வேண்டியிருந்தது. முன்பணம்தான் அங்கேயும் சங்கிலி. நிலமில்லாதவனுக்கு முன்பணத்தை விட்டால் வேறு கதி ஏது?

1892-ம் வருஷத்து நிபந்தனை இன்னும் சாகவில்லை. அதை மீறிய விற்பனை செல்லாது. சர்க்கார் நிலத்தை மீட்டு உரியவர்களுக்குக் கொடுக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. எந்தச் சர்வே நம்பர் பஞ்சமி என்று பழைய ரிஜிஸ்தர்கள் சொல்லும். அவை தாலுகா ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. வரும் மே தினக் கிராம சபையில் அந்த நம்பர்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எது யார் பேரில் இருந்தது, இன்று யார் வேலிக்குள் இருக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை, அங்கிருந்து கல்பாக்கம் வரை, ஒரு கிராமமும் விடாமல்.